வழக்கும் மன்றமும்: வணிகர் சட்டத்தின் வளர்ச்சி வரலாறு

1. முன்னுரை

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. உலகத்தார் வழங்கும் மொழிநடையும் ஒழுகலாறும் வழக்கு எனப்படும். இருவர் தம்முள் மாறுபட்டு மன்றம் ஏறி முறையிடுவதும் வழக்கு எனப்படும். தொல்காப்பியர் வழக்கினையும் செய்யுளையும் ஆராய்ந்து நூல் செய்தார் எனப் பாயிரம் கூறுமிடத்து முதற்பொருள் அமைந்துள்ளது. நீதிமன்றத்தில் ஒருவர்மீது வழக்குத் தொடுத்தான் என்று நாம் கூறுமிடத்து இரண்டாம் பொருள் அமைந்துள்ளது. ஐரோப்பிய வணிகர் சட்டத்தின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவில் இருத்தல் பயன் தரும். வணிகரிடையே நிலவிய வழக்கு, மன்றத்தில் எழுந்த வழக்கின் வாயிலாகவே சட்டம் என்னும் உருவம் பெற்றது என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் மொழியில் ‘லெக்ஸ் மெர்க்கட்டோரியா’ என வழங்கியது வணிகர் சட்டம். அதன் தோற்றம் பற்றி அறிஞரிடையே இருவேறு கொள்கைகள் உள. ஜெர்மானியச் சட்ட வரலாற்றறிஞராகிய லெவின் கோல்ட்ஷ்மிட் 1891இல் வெளியிட்ட வணிகச் சட்ட வரலாற்றில், வணிகர் தமக்குரிய சட்டத்தைத் தம் ஆற்றலாலேயே படைத்துக்கொண்டனர் என்னும் கருத்தை வற்புறுத்தினார். அமெரிக்க அறிஞர் ஹரால்டு பெர்மன் 1983இல் எழுதிய நூலில் இக்கருத்தை மேலும் விரித்து, வணிகர் சட்டம் மேலை ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாயமைந்த ஒரு முழுமையான சட்ட அமைப்பு என்றார். இதற்கு மாறாக, இங்கிலாந்தின் பழைய வணிகர் சட்டம் தனிப்பட்ட விதித் தொகுதி என்பதனினும், காலந்தாழ்த்த இயலாத வணிகர்க்கென அமைந்த விரைவான விசாரணை முறையே என்று ஜே. எச். பேக்கர் 1979இல் எழுதினார். ஸ்டீபன் சாக்ஸ் 2006இலும் எமிலி கேடன்ஸ் 2012இலும் வெளியிட்ட ஆய்வுகள், எல்லா ஊர்க்கும் பொதுவான ஒரே வணிகர் வழக்கு இருந்தது என்பதையே ஐயத்துக்கு உள்ளாக்கின.

இது பழமை பற்றிய புலவர் பூசல் மட்டுமன்று. அரசுகளின் சட்டங்களைச் சாராமல் உலக வணிகம் தன்னைத்தானே ஆண்டுகொள்ள வல்லது என்று வாதிடுவோர், இடைக்கால வணிகர் சட்டத்தையே தமக்குச் சான்றாகக் காட்டுவர். வணிகர் வழக்கு என ஒன்றைக் கூறுமிடத்து, அது யாருடைய வழக்கு, அதனைச் சட்டமென உறுதி செய்பவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. வலியார் எளியாரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கைகளின் முடிவு இவ்வினாக்களுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தது. ஆதலின் சான்றுகளை நிரலே நோக்குவோம்.

2. ஷாம்பெயின் சந்தைகள்

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இத்தாலிய வணிகரும் பிளாண்டர்ஸ் நாட்டு வணிகரும் கூடிய பெருஞ்சந்தைகள், இன்றைய பிரான்சு நாட்டின் வடகீழ்ப் பகுதியாகிய ஷாம்பெயினில் நடைபெற்றன. டிராய், புரொவேன், லாஞி, பார்-சூர்-ஓப் என்னும் நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு சந்தைகள் மாறிமாறிக் கூடின. வடபுலத்துக் கம்பளித் துணியும் கீழ்த்திசை நறுமணப் பண்டங்களும் இங்கே கைமாறின. ஒரு சந்தையிற் பெற்ற கடனை அடுத்த சந்தையில் தீர்ப்பதாக வணிகர் உறுதிமொழி எழுதினர்.

கடன் தீர்க்காமல் ஒருவன் தன் நகர்க்கு ஓடிவிட்டால் என் செய்வது? இவ்விடத்தில்தான் அரசின் கை தெரிகிறது. ஷாம்பெயின் கோமகன் சந்தைக் காவலர்களை அமர்த்தியிருந்தான். அவர்கள் முத்திரையிட்ட ஓலையைக் கடனாளியின் நகர ஆட்சியாளர்க்கு அனுப்புவர். அந்நகரத்தார் முறை செய்யாராயின், அவ்வூர் வணிகர் அனைவரும் சந்தையிலிருந்து விலக்கப்படுவர். சந்தைக்கு வந்துபோகும் வழியிலும் வணிகர்க்குக் கோமகன் காவல் அளித்தான். வணிகரின் நல்லெண்ணம் ஒன்றே இச்சந்தைகளை நடத்தியது என்று கூறுதல் பொருந்தாது. கோமகனின் முத்திரையும் விலக்கும் இல்லையெனில் வணிகரின் உறுதிமொழி வெறும் எழுத்தாகவே நின்றிருக்கும். அந்நாடு மணவுறவால் பிரெஞ்சு முடியாட்சியின் கீழ்ச் சென்ற பின்னர், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சந்தைகள் சிறப்பிழந்தன. கடல்வழிப் போக்குவரவு பெருகியதும், அரசரின் போரும் வரியும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

3. தூசிக்கால் மன்றம்

இங்கிலாந்தில் சந்தைதோறும் நடைபெற்ற சிறு மன்றங்களுக்குப் ‘பைபவுடர்’ மன்றம் என்று பெயர். தூசி படிந்த கால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் சிதைவு அது. ஊர் ஊராக நடந்துவரும் வணிகனின் காலில் தூசி படிந்திருக்கும். அவன் கால் கழுவுமுன் முறை வழங்கப்படல் வேண்டும் என்பது பெயரிலேயே தோன்றுகிறது. ஹண்டிங்டன் வட்டாரத்துச் செயின்ட் ஐவ்ஸ் சந்தை இவ்வகையிற் சிறந்த சான்றாகும். ராம்சே துறவியர் மடத்துக்கு உரிமையான அச்சந்தையின் மன்றச் சுருணைகள் 1270 முதல் 1324 வரையிலான காலத்துக்குக் கிடைத்துள்ளன. அவற்றுட் பலவற்றைச் சார்லஸ் கிராஸ் 1908இல் பதிப்பித்தார்.

அச்சுருணைகளில் நாம் காண்பது யாது? மன்றத்துக்குத் தலைமை தாங்கியவன் மடத்துத் தலைவரின் மேலாள். தீர்ப்பின் பொருளைக் கூறியவர் மன்றத்திற் கூடிய வணிகர். தண்டப் பணம் மடத்தின் கருவூலத்துக்குச் சென்றது. வழக்குகளும் பெரும்பாலும் சிறு கடன், எடைக் குறை, பண்டத்தின் தரம், வசைமொழி என்பன பற்றியவை. எனவே வணிகர் வழக்கும் நிலத்தலைவரின் அதிகாரமும் ஒரே மன்றத்தில் இணைந்து இயங்கின என்பது தெளிவு.

1280ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்றுப் பிரிஸ்டல் நகரத்தின் சிறு செந்நூல் என்னும் தொகுப்பில் இடம்பெற்ற குறுநூல் ஒன்று, வணிகர் சட்டம் நாட்டுப் பொதுச் சட்டத்தினின்று மூன்று வகையால் வேறுபடும் என்று கூறும். விரைந்து முடிவு காண்பது ஒன்று. பிணை நின்றவன் வழக்கின் முடிவு வரை முழுப்பொறுப்பும் ஏற்பது மற்றொன்று. கடன்பட்டவன் ஆணையிட்டுக் கடனை மறுத்துத் தப்புவதற்கு இடமின்றி, கடன் கொடுத்தவன் சாட்சியாலோ எழுத்தாலோ மெய்ப்பிக்க இடந்தருவது மூன்றாவது. இம்மூன்றும் விசாரணை முறையைப் பற்றியனவே என்பது நோக்கத்தக்கது. அன்றியும், பொதுச் சட்டமே வணிகர் சட்டத்தின் தாய் என்றும், தாய் தன் மகளுக்குச் சில உரிமைகளை வழங்கியுள்ளாள் என்றும் அந்நூலாசிரியர் உருவகப்படுத்துகிறார். வணிகர் சட்டம் அரசின் சட்டத்துக்கு அயலானது என்னும் கருத்து, அச்சட்டத்தைப் பற்றி எழுந்த இப்பழைய நூலிலேயே இல்லை.

வணிகர் வழக்குகள் யாவும் நேரியன என்று கொள்ளுதற்கும் இடமில்லை. ஒரு நகரத்தான் கடன் தீர்க்கத் தவறினால், அந்நகரைச் சேர்ந்த வேறொரு வணிகனின் பண்டத்தைக் கைப்பற்றுதல் அக்கால வழக்கு. கடனாளியோ பிணையாளியோ அல்லாத ஒருவன், ஊரொற்றுமை ஒன்றால் உடைமை இழந்தான். கடன் கொடுத்தார்க்கு இது நலந்தரும் வழக்காயினும் குற்றமற்றார்க்குக் கொடுமையாயிற்று. நாட்டினுள் இவ்வாறு செய்தலை 1275ஆம் ஆண்டின் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் தடுத்தது. அவ்வழக்கை அகற்றியவாறே, அதற்கு ஈடாகக் கடனை மீட்க நேர்வழி ஒன்றனையும் அரசு அமைத்தது. முதலாம் எட்வர்டு மன்னனின் ஆட்சியில் 1283இல் இயற்றப்பெற்ற ஆக்டன் பர்னல் சட்டம், நகரத் தலைவர் முன்னிலையில் கடனைப் பதிவு செய்து, தவணை தவறின் கடனாளியின் உடைமையை உடனே விற்க வழிசெய்தது. 1285இல் வந்த வணிகர் சட்டவிதி, கடனாளியைச் சிறையிடவும் இடந்தந்தது. அரசின் சட்டம் ஒருவகையில் எளியாரைக் காத்தது. மற்றொருவகையில் கடன் கொடுத்தார் கையை வலுப்படுத்தியது. இரண்டும் வணிகர் வழக்கினின்று தாமே விளைந்தவை அல்ல.

அதே மன்னன் 1303இல் அயல்நாட்டு வணிகர்க்கு ஓர் உரிமைப் பட்டயம் வழங்கினான். அவர்கள் இங்கிலாந்துக்கு அச்சமின்றி வரலாம். அவர்தம் வழக்குகளை வணிகர் சட்டப்படி விரைந்து தீர்த்தல் வேண்டும். ஜூரி ஆயத்தில் பாதிப்பேர் அயல்நாட்டவராக இருத்தல் வேண்டும் என்பன அதன் கூறுகள். இவற்றுக்கு ஈடாக வணிகர் கூடுதல் சுங்கம் செலுத்த இசைந்தனர். 1353ஆம் ஆண்டுச் சட்டம், கம்பளி முதலிய ஏற்றுமதிப் பண்டங்களை விற்பதற்கென வரையறுத்த நகரங்களில் வணிகர் சட்டப்படி முறை வழங்கும் தனி மன்றங்களை நிறுவியது. வணிகர் சட்டம் என்னும் பெயர் அரசரின் ஆணைகளிலேயே இடம்பெறுதலை ஈண்டுக் காண்கிறோம். வணிகர் விரைவை வேண்டினர். அரசன் வருவாயை வேண்டினான். இருவர் தேவையும் சந்தித்த இடத்தில் அச்சட்டம் வளர்ந்தது.

4. மாற்றுண்டியல்

வணிகர் வழக்கினின்று பிறந்த கருவிகளுள் தலையாயது மாற்றுண்டியல். இத்தாலிய வணிகர் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் இதனை உருவாக்கினர். பிளாரன்சு நகரில் ஒருவன் மற்றொருவனிடம் அவ்வூர்ப் பணத்தைக் கொடுப்பான். பணம் பெற்றவன், புரூஜ் நகரிலுள்ள தன் கூட்டாளிக்கு ஓலை எழுதி, குறித்த நாளில் அவ்வூர்ப் பணத்தில் இன்னார்க்குக் கொடுக்க எனப் பணிப்பான். இவ்வாறு கொடுத்தவன், எழுதியவன், செலுத்துபவன், பெறுபவன் என நால்வர் இதில் தொடர்புறுவர். பொன்னையும் வெள்ளியையும் சுமந்து கள்வர் அஞ்சும் வழியிற் செல்லும் இடர் இதனால் நீங்கியது. வட்டி வாங்குதலைத் திருச்சபை தடைசெய்திருந்த காலமாதலின், நாணய மாற்று வீதத்தினுள் வட்டியை மறைத்துவைக்கவும் இது உதவியது.

தொடக்கத்தில் மாற்றுண்டியல் ஒருவர் ஒருவர்க்கு எழுதிய கடிதமேயன்றிக் கைமாறிச் செல்லும் செல்வம் அன்று. பெறுபவன் அதன் புறத்தே கையெழுத்திட்டு வேறொருவனுக்கு உரிமையாக்கும் மேலெழுத்து முறை பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியது. இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. தான் உடன்படிக்கை செய்யாத ஒருவனிடத்துப் பணம் கேட்க, ஓலையைக் கையில் வைத்திருப்பவனுக்கு என்ன உரிமை? வணிகரிடையே நம்பிக்கை உள்ளவரை இவ்வினா எழாது. நம்பிக்கை முறிந்தவுடன் மன்றம்தான் விடை கூறல் வேண்டும். ஆண்ட்வெர்ப்பு நகர வணிகரிடையே கொண்டுவருவோர்க்குச் செலுத்தும் சீட்டுகள் பெருகியபோது, அவற்றைக் கொண்டுவருவோர் வழக்குத் தொடுக்கும் உரிமையுடையர் என்பதைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1537இல் பிறப்பித்த ஆணையே நெதர்லாந்துப் பகுதிக்கெல்லாம் உறுதிப்படுத்தியது.

5. நகர வீதியும் நீதி மண்டபமும்

இங்கிலாந்தின் சந்தை மன்றங்கள் காலப்போக்கில் தேய்ந்தன. சந்தையின்போது சந்தையினுள் எழுந்த வழக்குகளையன்றிப் பிறவற்றை அவை விசாரித்தலை 1477ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வணிகர் தம் வழக்குகளை வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த பொதுச் சட்ட மன்றங்களுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கினர். ஜெரார்டு டி மாலைன்ஸ் என்னும் வணிகர் 1622இல் பழைய வணிகர் சட்டம் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அச்சட்டம் எந்த ஒரு வேந்தனின் தனியாணையால் அமைந்ததன்று என்று கூறிய அவரே, எல்லா நாடுகளின் அதிகாரத்தாலும் அது ஒப்புக்கொள்ளப்பட்டது என்றும் சேர்த்துக் கூறினார். பிற்காலத்தார் முதற்பகுதியை எடுத்தாண்ட அளவுக்கு இரண்டாம் பகுதியை எடுத்தாளவில்லை.

வழக்குக்கும் மன்றத்துக்கும் இடையே எழுந்த பூசலைக் காட்டும் சிறந்த நிகழ்ச்சி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. இலண்டன் லம்பார்டு வீதியின் பொற்கொல்லரே அக்காலத்து வங்கியாளர். அவர்கள் எழுதிய கடனுறுதிச் சீட்டுகளும் மாற்றுண்டியலைப் போலவே கைமாறிச் செல்லத்தக்கவை என வணிகர் வாதிட்டனர். தலைமை நீதிபதி ஜான் ஓல்ட் 1702இலும் 1703இலும் இதனை ஏற்க மறுத்து, லம்பார்டு வீதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குச் சட்டம் வகுக்க முற்படுகிறது என்று கடிந்துரைத்தார். வணிகர் தம் வழக்கின் வலிமையால் மட்டும் வென்றனரல்லர். அவர்கள் நாடாளுமன்றத்தை நாடினர். ஆனி அரசியார் காலத்தில் 1704இல் இயற்றப்பெற்ற சட்டம் அச்சீட்டுகளுக்குக் கைமாறும் தகுதியை அளித்தது.

1756 முதல் 1788 வரை தலைமை நீதிபதியாக விளங்கிய மான்ஸ்ஃபீல்டு பிரபு வேறு நெறியைக் கையாண்டார். இலண்டன் கில்ட் மண்டபத்தில் வணிகரையே சிறப்பு ஜூரிகளாக அமர்த்தி, அவர்தம் வழக்கைக் கேட்டறிந்து, அதனைப் பொதுவிதியாக வடித்தார். 1758இல் அவர் தீர்த்த மில்லர், ரேஸ் வழக்கு பெயர்பெற்றது. அஞ்சலில் அனுப்பப்பெற்ற 21 பவுன் 10 ஷில்லிங் மதிப்புள்ள இங்கிலாந்து வங்கித் தாள் ஒன்று வழிப்பறியிற் கொள்ளைபோயிற்று. பின்னர் அது ஒரு விடுதிக்காரரிடம் வந்தது. அவர் களவு அறியாது, முழுமதிப்புக் கொடுத்து அதனைப் பெற்றார். வங்கி எழுத்தர் அதனைத் திருப்பித்தர மறுத்தபோது, வங்கித் தாள் பணத்தைப் போன்றது. நல்லெண்ணத்தோடு பெற்றவனுக்கே அது உரியது என்று மன்றம் தீர்த்தது. கள்ளப் பொருள் உரியவனுக்கே மீளும் என்னும் பொதுவிதி, வணிகத்தின் தேவைக்கு இவ்வளவில் இடங்கொடுத்தது.

எனினும் மான்ஸ்ஃபீல்டின் நெறியில் மறைந்துள்ள மற்றொரு கூற்றினையும் நோக்குதல் வேண்டும். 1761இல் கிழக்கிந்தியக் கம்பெனியின்மீது எழுதப்பெற்ற உண்டியல் பற்றிய வழக்கொன்றில், ‘ஆணைப்படி’ என்னும் சொல் மேலெழுத்தில் இல்லையெனில் அது மேலும் கைமாறுமா என்னும் வினா எழுந்தது. வணிகர் வழக்கு யாதெனச் சாட்சிகளைக் கேட்டு ஜூரிகள் ஒரு முடிவு கூறினர். பின்னர் மன்றம், இது முன்னைத் தீர்ப்புகளால் முடிந்த சட்டம். ஆகலின் இதற்கு மாறாக வழக்குச் சாட்சி கேட்டது பிழை எனக் கூறி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. வழக்கு ஒருமுறை மன்றமேறிச் சட்டமாகிவிட்டால், பின் அது வணிகரின் உடைமை அன்று. மன்றத்தின் உடைமை ஆகிவிடுகிறது. வணிகர் சட்டத்தின் பிறப்பும், அது வணிகரின் கையைவிட்டு நீங்குதலும் ஒரே செயலின் இரு முகங்களாம்.

வழி முற்றிலும் அடைபட்டதுமன்று. உருசிய அரசின் கடன் சீட்டு பற்றி 1875இல் எழுந்த குட்வின், ரோபர்ட்ஸ் வழக்கில், வணிகர் சட்டம் உறைந்துபோன ஒன்றன்று என்றும், புதிய வழக்கையும் மன்றம் ஏற்கும் என்றும் தலைமை நீதிபதி காக்பர்ன் விளக்கினார். ஆயினும் ஏற்பது மன்றமே என்பது நினைவிற்குரியது.

6. நாடுதோறும் சட்டத் தொகுப்பு

ஐரோப்பாவின் பிற நாடுகளில் அரசின் பங்கு இன்னும் வெளிப்படையானது. பிரான்சில் 1563ஆம் ஆண்டு ஆணையால் பாரிசில் வணிகர் நீதிபதிகளைக் கொண்ட மன்றம் நிறுவப்பட்டது. கொல்பேர் அமைச்சராக இருந்த காலத்தில், வணிகராயிருந்த ஜாக் சவாரியின் உழைப்பால் 1673இல் வணிக ஆணைத் தொகுப்பு வெளிவந்தது. நெப்போலியன் ஆட்சியில் 1807இல் இயற்றப்பெற்ற வணிகச் சட்டத் தொகுப்பு 1808ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மானிய நாடுகள் 1848இல் பொதுவான மாற்றுண்டியல் சட்டத்தையும் 1861இல் பொது வணிகச் சட்டத் தொகுப்பையும் வரைந்தன. 1897இல் இயற்றப்பெற்ற ஜெர்மானிய வணிகச் சட்டத் தொகுப்பு 1900இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் சால்மர்சு வரைந்த மாற்றுண்டியல் சட்டம் 1882இலும், பண்ட விற்பனைச் சட்டம் 1893இலும் இயற்றப்பட்டன.

இதன் விளைவு இருதிறத்தது. நாட்டினுள் விதி தெளிவுற்றது. நாடுகளுக்கிடையே விதி பிளவுற்றது. ஒரே மாற்றுண்டியல் பாரிசில் ஒரு விதிக்கும் இலண்டனில் வேறொரு விதிக்கும் உட்பட்டது.

7. உண்டியலும் மொழியும்

மன்றமும் சட்டமும் வணிகர் வழக்கைத் தம் வயமாக்கிய இவ்வரலாற்றில், வழக்குக்கு வெளிப்படையாக இடம்விட்ட சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. இந்தியாவில் 1881இல் இயற்றப்பெற்ற மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஆங்கில வணிகர் சட்டத்தின் விதிகளைத் தொகுத்தது. ஆனால் அதன் முதற் பிரிவு, கீழ்த்திசை மொழியில் எழுதப்பெற்ற ஆவணம் பற்றிய உள்ளூர் வழக்கினை இச்சட்டம் தாக்காது என்று விலக்களிக்கிறது. இவ்விலக்கு பெரிதும் உண்டியலை நோக்கியது. இந்நாட்டு வணிகரிடையே, கண்டவுடன் பணம் செலுத்துதற்குரிய தர்சன உண்டியலும், குறித்த நாள் கழித்துச் செலுத்துதற்குரிய தவணை உண்டியலும் ஆங்கிலச் சட்டம் வருமுன்னரே வழங்கின. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் உண்டியல்கள் சென்னையிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் செல்லுபடியாயின.

மொழியாராய்ச்சியாளர் இப்பிரிவினைக் கருதிப் பார்த்தல் தகும். ஆவணத்தை ஆள்வது சட்டமா வழக்கா என்பதை அது எழுதப்பெற்ற மொழி முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய உண்டியலைச் சட்டம் ஆளும். தமிழில் எழுதிய உண்டியலில், உள்ளூர் வழக்கு ஒன்று மெய்ப்பிக்கப்படுமாயின், அவ்வழக்கே ஆளும். தமிழ் எழுத்து வணிக வழக்குக்கு ஓர் அரணாக நின்றது எனலாம். ஆனால் அவ்வரணைக் கட்டியதும் சட்டமே. அன்றியும், இச்சட்டமே எம்மை ஆள்க என்னும் குறிப்பு ஆவணத்தின் வாசகத்திலேயே காணப்பட்டால் வழக்கு விலகும் என்று அப்பிரிவு மேலும் கூறுகிறது. அவ்வாறு குறிப்பு இல்லாதவிடத்தும், வழக்கு இன்னது என்று கூறுவோர் அதனை மன்றத்தில் மெய்ப்பித்தல் வேண்டும். மெய்ப்பிக்கத் தவறின் பொதுச்சட்டமே மேல்வரும். வழக்குக்கு முழு மதிப்பு அளிக்கத் தோன்றும் இடத்திலும், அதன் எல்லையை வரைந்த கை சட்டத்தின் கையே.

அரசனின் உறுதிமொழியை வணிகர் நாடும் நிலை ஐரோப்பாவுக்கே உரியதன்று. ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதி 1244இல் பொறித்த அபய சாசனம், கடல் வணிகர்க்கு அவன் அளித்த காப்புறுதியைக் கூறுகிறது. புயலில் உடைந்து கரையொதுங்கும் மரக்கலங்களின் பண்டத்தை முன்னை அரசர் கவர்ந்துகொண்டனர் என்றும், தான் வரையறுத்த சுங்கமன்றி வேறொன்றும் கொள்வதில்லை என்றும் அம்மன்னன் அறிவித்தான். 1303ஆம் ஆண்டின் ஆங்கிலப் பட்டயத்தோடு இதற்குத் தொடர்பு கற்பித்தல் கூடாது. ஒத்த தேவை ஒத்த விடையைத் தோற்றுவித்தது என்று கொள்வதே அமையும்.

8. நாடு கடந்த வணிகச் சட்டம்

நாடுதோறும் பிளவுற்ற விதிகளை மீண்டும் ஒன்றுபடுத்தும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் ஓங்கியது. இது இரு வழியில் நடந்தது. முதலாவது அரசுகளின் உடன்படிக்கை வழி. 1926இல் தனிச் சட்ட ஒருமைப்பாட்டுக்கான நிலையம் உரோமில் தோன்றியது. 1930இல் மாற்றுண்டியல் பற்றிய ஜெனீவா உடன்படிக்கைகள் அமைந்தன. இங்கிலாந்தும் அமெரிக்காவும் அவ்வொருமித்த விதிகளை ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 1966இல் பன்னாட்டு வணிகச் சட்டக் குழுவினை நிறுவியது. பண்ட விற்பனை பற்றி 1980இல் வியன்னாவில் நிறைவேறிய உடன்படிக்கை 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது வணிக அமைப்புகளின் வழி. 1919இல் தோன்றிய பன்னாட்டு வணிகக் கழகம் 1923இல் நடுவர் மன்றத்தையும், 1933இல் வங்கிகளின் ஆவணக் கடன் பற்றிய ஒருமித்த விதிகளையும், 1936இல் விற்பனைச் சொற்களின் பொருள் விளக்கத்தையும் அமைத்தது. பண்டத்தைக் கலத்தில் ஏற்றும் செலவு யாரைச் சார்ந்தது, இழப்பு எப்பொழுது வாங்குவோர்மேல் விழும் என்பன போன்றவற்றைச் சில எழுத்துகளாலேயே குறிக்கும் முறை இதனால் உலகெங்கும் பரவியது. இவ்விரு தொகுப்புகளும் பன்முறை திருத்தம் பெற்றுள்ளன.

இவ்வளர்ச்சியைக் கண்ட கிளைவ் ஷ்மிட்டாப், பெர்டோல்டு கோல்ட்மன் முதலிய அறிஞர் 1950களிலும் 1960களிலும், பழைய வணிகர் சட்டம் புத்துயிர் பெற்றுவிட்டது என்றனர். ஆயினும் இவர் இருவரும் ஒருநிகரான கருத்தினர் அல்லர். ஷ்மிட்டாப், புதிய சட்டம் அரசுகளின் இசைவாலேயே நிலவுகிறது என்றார். கோல்ட்மன் 1964இல் எழுதிய கட்டுரையில், அரசின் சட்டத்தைச் சாராத தனிச் சட்ட நெறியாக அதனைக் கருத முற்பட்டார்.

எக்கருத்து பொருந்தும் என்பதற்கு ஒரு வழக்கே சான்று தருகிறது. துருக்கிக் குழுமமாகிய பபால்க்குக்கும் பிரெஞ்சுக் குழுமமாகிய நோர்சலோருக்கும் முகவர் உடன்படிக்கை பற்றி எழுந்த பூசலில், வியன்னாவில் கூடிய நடுவர்கள் 1979இல் தீர்ப்பளித்தனர். எந்நாட்டுச் சட்டத்தையும் தேர்தல் அரிது எனக் கருதி, பன்னாட்டு வணிகர் சட்டத்தையும் நல்லெண்ணம் என்னும் நெறியையும் அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். தீர்ப்பு உடனே நிலைபெற்றதா? இல்லை. வியன்னா மேல்முறையீட்டு மன்றம் 1982இல் அதன் ஒரு பகுதியை நீக்கியது. அதே ஆண்டில் ஆஸ்திரிய உச்சமன்றம் அதனை மீட்டது. 1984இல் பிரெஞ்சு உச்சமன்றமும் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நேர்ந்தது. நாடற்ற சட்டத்தால் அமைந்த தீர்ப்பு, இரு நாடுகளின் மன்றப் படிகளை ஏறி இறங்கிய பின்னரே வாழ்வு பெற்றது. நடுவர் தீர்ப்புகளை நாடுகளின் மன்றங்கள் நிறைவேற்றும் கடப்பாடு 1958ஆம் ஆண்டின் நியூயார்க்கு உடன்படிக்கையால் வந்தது. இந்தியா அதனை 1960இல் ஏற்றது. அவ்வுடன்படிக்கையைச் செய்தவர் வணிகரல்லர், அரசுகளே.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. வணிகரின் வழக்கு கற்பனையன்று. மாற்றுண்டியலும் மேலெழுத்தும் சந்தைத் தவணையும் அவர்தம் அறிவின் படைப்புகளே. ஆனால் கோமகனின் முத்திரை, நகரத் தலைவரின் பதிவேடு, நீதிபதியின் தீர்ப்பு, நாடாளுமன்றத்தின் சட்டம் என்பவற்றுள் ஒன்றன் துணையின்றி அவ்வழக்கு அயலார்மேல் செல்லும் சட்டமாக நின்றதில்லை. மன்றமேறிய வழக்கு பின்னர் வணிகரின் விருப்பப்படி வளைவதுமில்லை.

இறுதியாக, நம் இலக்கண மரபு எழுப்பும் வினா ஒன்றனை ஈண்டு நினைத்தல் பொருந்தும். யாருடைய வழக்கு வழக்காகக் கொள்ளப்படும் என்பதற்கு, உயர்ந்தோருடையதே எனத் தொல்காப்பிய மரபியல் விடை தரும். உயர்ந்தோர் யாவர் என்பதை உரையாசிரியர்கள் அறிவாலும் ஒழுக்கத்தாலும் வரையறுக்க முயன்றனர். வணிக உலகில் உயர்ந்தோர் யாவர்? செல்வம் மிக்கோரும் உடன்படிக்கைப் படிவத்தை எழுதித் தருவோருமே உயர்ந்தோராயின், அவர்தம் வசதியே வழக்கு என்னும் பெயரில் உலகச் சட்டமாகிவிடும். ஊரான் பட்ட கடனுக்காகப் பண்டம் இழந்த செயின்ட் ஐவ்ஸ் காலத்து வணிகனைக் காத்தது வணிகர் வழக்கன்று. அவ்வழக்கை ஆராய்ந்து விலக்கிய சட்டமே. ஆதலின் நாடு கடந்த வணிகச் சட்டத்தைப் பற்றி ஆராய்வோர், வழக்கு யாது என்று வினாவுவதோடு அமையாது, அதனை ஆராயும் மன்றம் யாது, அம்மன்றத்தில் எளியான் குரல் கேட்கப்படுமா என்றும் வினாவுதல் வேண்டும். வழக்கு என்னும் ஒரு சொல்லில் அடங்கிய இரு பொருளும் பிரியாமல் இருக்கும்வரைதான் வணிகர் சட்டம் நீதியோடு கூடியதாக இருக்கும் எனத் துணியலாம்.